பஞ்சு ரோட்டுக் கைவண்டிகள்

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு முதலில் தூங்குவதா, செய்தித்தாளில் மிச்சம் வைத்திருந்த ராசிபலனைப் படிப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவன் முடிவெடுக்க வேண்டிய கோப்பு அவ்வளவுதான். அப்போது போன் வந்தது. நான் வேலை பார்த்த சாலைத்துறை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவிப் பொறியாளர் பிரியா பேசினார்.

"சார், பழைய போக்குவரத்துக் கணக்கெடுப்புத் தாளையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு இருக்கேன். பஞ்சு ரோட்டுல ஒரு வருசம் மட்டும் கைவண்டி மலை மாதிரி ஏறி நிக்கு. முந்தின வருசமும் இல்ல, அடுத்த வருசமும் இல்ல. எல்லாத் தாள்லயும் உங்க கையெழுத்து. கம்ப்யூட்டர் செவப்பாக் காட்டுது. தப்புன்னு அழிச்சிரட்டுமா?"

"அழிச்சிராதீங்கம்மா. தப்புத்தான். ஆனா அது அழிக்கக்கூடாத தப்பு. எழுதி அனுப்புதேன்" என்றேன்.

நாலு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு வரி எழுதத் தெரிந்திருந்தால் நான் ஏன் முப்பத்தைந்து வருடம் அரசாங்க வேலை பார்த்தேன்?

இப்போதெல்லாம் கணக்கெடுப்பைக் கம்பத்தில் கட்டிய கேமரா பார்த்துக்கொள்கிறதாம். அது டீ கேட்காது, லீவு கேட்காது. எங்கள் காலத்தில் அந்த கேமரா நான்தான். ஐ.டி.ஐ. முடித்துச் சாலை ஆய்வாளராகச் சேர்ந்தேன். முதல் ஐந்து வருடம் ரோட்டோரம் ஜல்லிக் குவியலை அளந்தேன். அடுத்த ஐந்து வருடம், அளந்த குவியல் ஏன் காணாமல் போனது என்று விளக்கம் எழுதினேன். அதற்குள் தார் வேலையும் பிடிபட்டுவிட்டது. சாலை ஆய்வாளர் என்றால் ஊரில் யாருக்கும் புரியாது. 'இன்ஸ்பெக்டர்' என்று மட்டும் காதில் விழுந்து சிலர் எழுந்து நிற்பார்கள். எந்த ஸ்டேஷன் என்று கேட்டு, தார் டின் பக்கத்தில் நிற்கிறவன் என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிடுவார்கள்.

ரோட்டில் வேகத்தடை போடுவது மாதிரி மனிதர்களைப் புரிந்துகொள்ள உதவும் வேலை வேறு கிடையாது. எல்லோருக்கும் வேகத்தடை வேண்டும். அடுத்த வீட்டு வாசலில் வேண்டும். தன் வாசலில் போட்டால் லாரி குதிக்கிற குதியில் சுவர் விரிகிறது, பாத்திரம் உருளுகிறது என்று மனு வரும். டீக்கடைக்காரர்கள் மட்டும் தங்கள் கடைக்கு நேரே கேட்பார்கள். பஸ் அங்கே மெதுவாகப் போனால் ஜன்னலோரத்துப் பயணியின் கண்ணில் வடை படும் என்பது அவர்கள் கணக்கு. பஞ்சு ரோட்டில் கடை வைத்திருந்த தங்கராசு இந்தக் கட்சியின் தலைவன்.

பஞ்சு ரோடு என்பது நாங்களாக வைத்த பேர். ராஜபாளையத்தை விட்டுச் செட்டியார்பட்டிப் பக்கம் பிரிகிற ரோடு ஒன்று. நிஜப் பேரைச் சொன்னால் அந்த ரோட்டில் இருக்கிற என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் கல்யாணப் பத்திரிகையோடு வருவார்கள். மில்லுக்குப் பஞ்சு ஏற்றி வரும் லாரிகள் உதிர்த்துவிட்டுப் போகிற பஞ்சு, ஓரத்துக் கருவேல முள்ளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் குடியிருப்பு, அந்தப் பக்கம் மில் கேட். சங்கு ஊதினால் ஒரு கூட்டம் உள்ளே போகவேண்டும், ஒரு கூட்டம் வெளியே வரவேண்டும். நடுவில் ரோடு.

ரோடு குண்டும் குழியுமாக இருந்த வரைக்கும் யாருக்கும் ஆபத்தில்லை. வண்டிகள் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நிதானமாகப் போயின. நாங்கள் போய் அதை அகலப்படுத்தி, வழவழவென்று தார் போட்டு, நடுவில் வெள்ளைக் கோடும் இழுத்தோம். திறப்பு விழாவில் எனக்கு ஒரு சால்வை போட்டார்கள். மறுநாளிலிருந்து அந்த ரோட்டில் வண்டிகள் பறந்தன. மில் பெண்கள் கடக்க முடியாமல் ஓரத்தில் நின்றார்கள். சால்வையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

அவர்களைக் கடத்திவிட ஒரு பொம்பளை இருந்தாள். பேர் பொன்னுத்தாய். ஐம்பது வயதிருக்கும். ஸ்பின்னிங்கில் இருபத்தைந்து வருட சர்வீஸ், புருஷன் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். ரெண்டு மணி ஷிப்டுக்குப் போகும்போது ஓரத்தில் நின்று, கூட்டம் சேர்ந்ததும், கையிலிருக்கிற சோற்றுத் தூக்குவாளியை முன்னால் நீட்டிக்கொண்டு ரோட்டில் இறங்குவாள். வண்டிகள் நின்றுவிடும். மனிதரை இடித்தால்கூட மன்னிப்புக் கேட்டுவிடலாம், சாம்பாரைத் துணியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக எவனுக்கும் மனசு வராது. அவள் பின்னால் இருபது முப்பது பேர் வாத்துக் கூட்டம் மாதிரி கடந்துவிடுவார்கள்.

அந்த வருடக் கணக்கெடுப்புக்கு நான் பஞ்சு ரோட்டில் உட்கார்ந்தேன். கணக்கெடுப்பு என்றால் ஏழு நாள், இரவு பகல், மூன்று பேர் மாற்றி மாற்றி. எட்டு மணி முதல் நாலு மணி வரை என் முறை. தாளில் வரிசையாகக் கட்டம் இருக்கும். கார், பஸ், லாரி, லோடு வேன், டிராக்டர், ஆட்டோ, டூவீலர். அப்புறம் மெதுவாகப் போகிறவை: சைக்கிள், மாட்டு வண்டி, குதிரை வண்டி, கைவண்டி. ஒரு வண்டி போனால் ஒரு கோடு. நாலு கோட்டை நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். இரண்டு நாள் இதைச் செய்தால் கை தானாக ஓடும். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்திருக்கும்போதுகூட வாசலில் ஹாரன் சத்தம் கேட்டால் இலையில் விரல் கோடு போடும்.

முதல் நாளே பொன்னுத்தாய் என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று ஒரு கடிதத்தை நீட்டினாள்.

"நீங்கதானே ரோட்டு ஆபீசரு? இதுல என்ன எழுதியிருக்குன்னு செத்தப் படிச்சுச் சொல்லுங்க."

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குவார்களே, அங்கே அவள் போய்க் கொடுத்த மனுவுக்கு வந்த பதில் அது. மில் கேட்டுக்கு எதிரே கடக்க ஒரு வசதி செய்து தரச் சொல்லிக் கேட்டிருந்தாள். பதிலை நான் படித்தேன். 'மேற்படி இடத்தில் போக்குவரத்துக் கணக்கெடுப்பின்படி பாதசாரிகள் சாலையைக் கடப்பதாகப் பதிவு ஏதும் இல்லை. ஆகவே தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை.' நடை நன்றாக இருந்தது. இருக்காதா பின்னே, வரைவு எழுதினவன் நான்தான்.

"நாங்க போறதாப் பதிவே இல்லையாமே" என்றாள். "அப்போ தெனமும் இங்கன போறது யாரு, பேயா?"

"பேய்னா கால் தரையில படாதுக்கா. ஒங்களுக்குப் படுதே" என்றான் தங்கராசு, டீ ஆற்றிக்கொண்டே.

தாளில் நடந்து போகிறவர்களுக்குக் கட்டம் கிடையாது, கட்டம் இல்லாததால் எண்ணுவது கிடையாது, எண்ணாததால் பதிவு கிடையாது என்று அவளுக்கு விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அது சரியாகப் படவில்லை. அவள் குனிந்து தாளைப் பார்த்தாள்.

"இது என்ன கட்டம்?"

"மாட்டு வண்டிம்மா."

"இது?"

"குதிரை வண்டி."

"குதிரைக்குக்கூட வச்சிருக்கிய" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்பில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு தூக்குவாளியை நீட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டாள். அந்த ரோட்டில் நான் குதிரையைக் கடைசியாகப் பார்த்தது ஒரு மாப்பிள்ளை அழைப்பில். அன்றைக்கும் அது வண்டி இழுக்கவில்லை.

மூன்றாம் நாள், இரண்டு மணிச் சங்குக்குக் கால் மணி நேரம் இருந்தது. பொன்னுத்தாய் இறங்கினாள். நின்றிருந்த பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு லோடு வேன் வந்தது. பஸ் மறைத்ததில் டிரைவருக்கு அவள் தெரியவில்லை. சத்தம் கேட்டது. தூக்குவாளி என் நாற்காலி வரைக்கும் உருண்டு வந்தது.

இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் நான் உடனே எழுந்திருக்கவில்லை. என் கை லோடு வேன் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் பென்சிலைக் கீழே வைத்தது. அதற்கப்புறம்தான் ஓடினேன்.

வேன் டிரைவர் நல்லவன். அழுதுகொண்டே அவளை அதே வேனில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை என்று சாயங்காலம் சொன்னார்கள். மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்து முந்தின நாள் தாளைப் பார்த்தேன். வேனுக்குப் போட்ட கோடு இருக்கிறது. அவளுக்குக் கோடு இல்லை. இடித்தது பதிவாகியிருக்கிறது, இடிபட்டது பதிவாகவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

கட்டம் கட்டமாகத் தேடினேன். கைவண்டிக் கட்டம் ஏழு நாளும் சும்மா கிடக்கிற கட்டம். கைவண்டிக்கு இஞ்சின் கிடையாது, ஹாரன் கிடையாது, மெதுவாகத்தான் போகும், இடித்தால் விழும். பொருத்தம் சரியாக இருந்தது. பொன்னுத்தாய்க்கு அதில் ஒரு கோடு போட்டேன். அப்புறம் அன்றைக்கு ரோட்டைக் கடந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. மற்ற முறைக்காரர்கள் இருவரிடமும் சொன்னேன். அவர்கள் ஏன் என்று கேட்கவில்லை, கீழே கையெழுத்து என்னுடையது என்பதை மட்டும் உறுதிப்படுத்திக்கொண்டார்கள். வாரக் கடைசியில் தாளைக் கட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்கு அனுப்பினேன். யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒரு தைரியம்.

அங்கே ஒருவர் படிப்பார் என்பதை மறந்துவிட்டேன். உதவிக் கோட்டப் பொறியாளர் வரதராஜன் சார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். நெற்றியில் ஒல்லியாக நாமம், சட்டைப் பையில் பச்சை மைப் பேனா. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். பொய்யெல்லாம் முன் பக்கத்தில் இருக்கும், அவசரத்தில் எழுதின கடைசிப் பக்கத்தில்தான் உண்மை இருக்கும் என்பார். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "நேர்ல பாத்தீரா?" ஒரு தடவை தரைப்பாலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் போகிறது என்று ஒருவர் அறிக்கை கொடுத்தார். சார் போய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்: 'என் முழங்காலுக்கும் கீழே. அறிக்கை எழுதியவர் குள்ளமா?'

மத்தியானம் ஒரு மணிக்குத் தயிர் சாதம், மோர் மிளகாய். அப்போது கலெக்டரே வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். எதிர்ச்சாரியில் பால்கோவா கிண்டுகிற நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிடுவார். அவருக்குச் சர்க்கரை.

கணக்கெடுப்பு முடிந்து மூன்று மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டுவிட்டார். மேஜைமேல் என் தாள்கள்.

"ஓய், ராஜபாளையத்துல கைவண்டித் தொழிற்சாலை ஏதும் வந்திருக்கா?"

"இல்ல சார்."

"இதுல கைவண்டி ஈசல் மாதிரிப் போகுதே. அதுவும் மில் சங்கு ஊதுற நேரத்துல மட்டும். கைவண்டிக்குச் சங்கு கேக்குமோ?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். சாத்தியிருந்தது.

"நேர்ல பாத்தீரா?"

"நேர்ல பாத்ததைத்தான் சார் எழுதினேன்." இதில் பொய் ஒன்றும் இல்லை.

"அப்போ நானும் பாக்கணும். வியாழக்கிழமை வாரேன்."

வெளியே வந்து பஸ் ஏறினேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. பொய்க் கணக்கு எழுதினதாக 17பி விதியின் கீழ் குற்றச்சாட்டு வந்தால் பென்ஷன் அந்தரத்தில் தொங்கும். பஞ்சு ரோட்டில் இறங்கித் தங்கராசு கடைக்குப் போனால் அங்கே என்னைவிடப் பெரிய கவலையோடு பொன்னுத்தாய் நின்றிருந்தாள்.

கால் கூடிவிட்டது, டாக்டர் வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார். இந்த மாதக் கடைசிக்குள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் பேரை எடுத்துவிடுவோம் என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். அவளும் தினமும் கிளம்பி வருகிறாள். ரோட்டோரத்தில் நிற்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போகப் பார்த்தார்கள். இரண்டு எட்டு வைத்ததும் கையை உதறிக்கொண்டு திரும்பிவிடுகிறாள். ஊரையெல்லாம் கடத்திவிட்ட பொம்பளை, டீக்கடை ஓரத்தில் நின்று சங்கு ஊதுவதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"கால் சரியாயிட்டு" என்றாள் என்னிடம். "ரோடுதான் சரியாகல."

அவள் போன பிறகு என் கதையைத் தங்கராசிடம் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "ஆபீசருக்குக் கைவண்டிதானே பாக்கணும்? காட்டிருவோம்" என்றான். அந்த யோசனைக்கு நான் தலையாட்டினேன் என்பதிலிருந்து அப்போது என் புத்தி எந்த நிலையில் இருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

அக்கம்பக்கமெல்லாம் சலித்ததில் மொத்தம் நாலு கைவண்டி கிடைத்தது. இஸ்திரி வண்டி, கொய்யாப்பழ வண்டி, பழைய பேப்பர் வண்டி, பானிபூரி வண்டி. ஆளுக்கு வேண்டிய மட்டும் டீயும் வடையும் என்று ஒப்பந்தம். மில் கேட்டுப் பக்கம் கடந்து போய், சற்றுத் தள்ளி மறுபடி இந்தப் பக்கம் வந்து, குடியிருப்புக்குப் பின்னால் சந்து வழியாகச் சுற்றி, திரும்பவும் கடக்க வேண்டும். கோயிலில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி.

வியாழக்கிழமை ஒரு மணிக்கு ஜீப் வந்தது. சார் என் நாற்காலியில் உட்கார்ந்தார். தயிர் சாத டிபன் கேரியர் மடியில் இருந்தது. "நீர் எண்ணும். நான் பாக்கேன்" என்று ஒரு புதுத் தாளை நீட்டினார். நான் பென்சிலை எடுத்தேன்.

இஸ்திரி வண்டி போயிற்று. கோடு. கொய்யா வண்டி. கோடு. பேப்பர், பானிபூரி. சார் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. நாலாவது சுற்றில் மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் கொய்யாக்காரர் நாலு தடவை போயிட்டார். ஒரு பழம்கூட விக்கல. பாவமா இருக்கு. ஒரு கிலோ வாங்கிக்கும்."

அந்த நேரம் பார்த்து இஸ்திரிக்காரர் வண்டியை எங்கள் முன்னாலேயே நிறுத்திவிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், களைத்துப்போனால் அதுதான் வரும். "சாலு சாமி, போதும்" என்றார் என்னைப் பார்த்து. "தணல் அவிஞ்சுபோச்சு. வடையக் குடுங்க, நான் போறேன்."

சார் சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து நீட்டினார். "அழிச்சிரும்" என்றார்.

நாலு வண்டியின் பதினாலு கோட்டையும் அழித்தேன். என் பென்ஷனையே அழிக்கிற மாதிரி இருந்தது. அழித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிட்டேன். கட்டம் இல்லாததிலிருந்து ஆரம்பித்து, வேனுக்குக் கோடு போட்டதை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதில் சொல்வதற்குள் பொன்னுத்தாய் வந்துவிட்டாள். ஜீப்பையும் நாமத்தையும் பார்த்து நேராக அவரிடமே போனாள்.

"ஐயா, பெரிய ஆபீசர் மாதிரித் தெரியுது. செத்த என்னை அந்தப் பக்கம் விட்டுருதியளா?"

"இதுக்கென்னம்மா" என்று எழுந்தார்.

முப்பது வருடம் ரோடு போட்ட மனிதர், ரோட்டை நடந்து கடந்து எத்தனை வருடமானதோ தெரியாது. ஜீப் எந்தப் பக்கம் நிற்கிறதோ அதுதான் அவருக்கு ரோடு. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மினி பஸ் வந்தது, ஓரத்துக்கே திரும்ப ஏறிவிட்டார். மறுபடி இறங்கினார். டூவீலர்கள் வரிசையாக வந்தன, ஏறிவிட்டார். மூன்றாவது தடவை பின்வாங்கின வேகத்தில் ஒரு செருப்பு ரோட்டிலேயே நின்றுவிட்டது. டிராக்டர் ஒன்று அதன்மேல் ஏறிப் போயிற்று. சார் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முன்னாடி எப்படிம்மா போவீங்க?" என்று கேட்டார்.

"தூக்கைத் தூக்கிக் காட்டுவேன்யா."

சார் திரும்பி நாற்காலிக்கு வந்தார். டிபன் கேரியரை எடுத்தார். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். கேரியரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் அவளைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் இறங்கிவிட்டார். பஞ்சு லாரி நின்றது. அதன் பின்னால் பஸ் நின்றது. கேரியரிலிருந்து தயிர் அவர் முழங்கை வழியாக வழிந்தது. ஓரத்தில் காத்திருந்த பெண்கள் எல்லோரும் பின்னாலேயே கடந்தார்கள். ஜீப் டிரைவர் கும்பிட்டுவிட்டான். எதற்கு என்று அவனுக்கே தெரியாது.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் பொன்னுத்தாய் கேட்டுக்குள் போகவில்லை. அவரைப் பார்த்தாள்.

"இன்னைக்கு நீங்க வந்திய. நாளைக்கு?"

சார் அவளைத் திரும்பவும் இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார். என் கையிலிருந்த தாளை வாங்கி, பார்க்காமலே கோப்புக்குள் செருகிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். நான் குற்றச்சாட்டுக் கடிதத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். ஒரு கிலோ கொய்யாவும் வாங்கினேன்.

நாலாம் நாள் காகிதம் வந்தது. பச்சை மை. 'கைவண்டிகள் நேரில் சரிபார்க்கப்பட்டன. மெதுவாகச் செல்லும் இவை, வேகமாக வரும் வாகனங்களுக்குக் குறுக்கே கடக்கும் இடத்தில், உயர்த்திய மேடையும் வெள்ளைப் பட்டையும் உடனே அமைக்க வேண்டும்.' நான் இரண்டு முறை படித்தேன். தங்கராசு ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான்.

சோழபுரம் பக்கம் அப்போது தார் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து கலவை வந்தது. லாரிக்காரர்கள் சிலர் வந்து, ஓடுகிற வண்டியை நிறுத்தினால் தொழில் எப்படி ஓடும் என்று சாரிடம் சண்டை பிடித்தார்கள். "எங்க ஊர் தேர் பாத்திருக்கீரா?" என்றார் அவர், அதே அடங்கின குரலில். "வடம் இழுக்க ஊரே வரும். சக்கரத்துக்குக் கட்டை போட நாலு பேர்தான். அந்த நாலு பேர் வராம தேர் கிளம்பி நீர் பாத்திருக்கீரா?" அவர்கள் பார்த்ததில்லை. போய்விட்டார்கள்.

மேடை கடைசியில் தங்கராசு கடைக்கு நேராகவே அமைந்தது. அது நான் செய்த உபகாரம் இல்லை, மில் கேட்டு அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் அவன் ஒரு வாரத்துக்கு என்னிடம் டீக்குக் காசு வாங்கவில்லை.

வெள்ளை அடித்துக் காய்ந்த அன்றைக்கு மாதத்தின் கடைசி நாள். பொன்னுத்தாய் வந்தாள். கையில் புதுத் தூக்குவாளி. கூட வேலை செய்கிற பெண்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. மேடை ஓரத்தில் நின்றாள். மினி பஸ் ஒன்று வந்தது, மேட்டைப் பார்த்துத் தயங்கியது, நின்றது. அவள் நகரவில்லை. டிரைவர் "வாங்கக்கா, எம்புட்டு நேரம் நிப்பேன்?" என்றான். அவள் கால் வைத்தாள். நடுவில் நின்று பஸ்ஸையும் பார்த்தாள், எங்களையும் பார்த்தாள். தேவையே இல்லாமல் தூக்குவாளியைத் தூக்கிக் காட்டினாள். பிறகு நடந்து போய் கேட்டுக்குள் நுழைந்து கையெழுத்துப் போட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வடைப் புகை என்று தங்கராசிடம் சொன்னேன். அன்றைக்கு அவன் வடை போடவில்லை.

அடுத்த வருடக் கணக்கெடுப்பில் கைவண்டிக் கட்டத்தைச் சும்மா விட்டுவிட்டேன். பொய்யை ஒரு தடவை சொன்னால் போதும். பென்ஷனும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியாமலே இருந்தது. முழங்கால் அளவைக்கூட இறங்கிப் பார்த்து எழுதுகிற மனிதர், நான் அழித்துக் கொடுத்த வெறும் தாளை வைத்துக்கொண்டு 'நேரில் சரிபார்க்கப்பட்டன' என்று எப்படி எழுதினார்? அவளுக்காக வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் எழுதினார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கேட்டதில்லை. ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் அவரிடம் கேள்வி கேட்கப் பயம் எனக்கு.

இந்த இடம் வரைக்கும் எழுதிப் பிரியாவுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் மறுபடி போன்.

"சார், நீங்க எழுதினதைப் படிச்சிட்டு அந்தச் சரிபார்ப்புத் தாளைத் தேடி எடுத்தேன். கைவண்டிக் கட்டத்துல நீங்க அழிச்ச தடம் அப்படியே இருக்கு. அதுக்கு மேல ரெண்டு கோடு. பச்சை மை. பக்கத்துல நேரம் போட்டிருக்கு. அது என்ன சார்?"

போனை வைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேசினேன். சாரின் தயிர் சாத நேரம் கழியட்டும் என்று காத்திருந்துதான் பேசினேன். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"கடந்து போனது ரெண்டு பேர்தானே ஓய்?" என்றார். "அந்தம்மா ஒண்ணு, நான் ஒண்ணு. நடந்து பாத்தப்பதான் உம்ம கணக்கு சரின்னு தெரிஞ்சது."

"பின்னால ஒரு கூட்டமே வந்ததே சார்?"

"நான் திரும்பிப் பாக்கல. நேர்ல பாக்காததை நான் என்னைக்கு எழுதியிருக்கேன்?"

பிரியாம்மா, கம்ப்யூட்டர் எப்படிச் செவப்பாகக் காட்டினாலும் அந்தக் கைவண்டிகளில் ஒன்றைக்கூட அழிக்க வேண்டாம். என் கூட்டுத்தொகையில் இரண்டு குறைகிறது. சேர்த்துக்கொள்ளுங்கள்.